வியாழக்கிழமை தெற்கே சூலம்

இப்போதெல்லாம் எவனிடமும் தூரம் கேட்க முடிவதில்லை. பரமக்குடி எவ்வளவு தூரம் என்று கேட்டால் "ஒரு மணி நேரம்" என்கிறான். கேட்டது தூரம், சொல்வது நேரம். எதில் போனால் ஒரு மணி நேரம், எவன் ஓட்டினால் ஒரு மணி நேரம், நடுவில் டயர் வெடித்தால் அந்த ஒரு மணி நேரம் என்ன கதிக்கு ஆகும், அதெல்லாம் பேச்சே கிடையாது. போனைத் தேய்க்கிறான், அது என்னமோ சொல்கிறது, இவன் ஒப்பிக்கிறான். ரோட்டோரத்துக் கல்லைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற ஆள் ஒருத்தன் மிச்சம் கிடையாது.

சோணைமுத்துவுக்கு இந்த எரிச்சல் வெகுநாளாக உண்டு. முதுகுளத்தூர் பக்கம் சிக்கல் என்கிற ஊருக்கு அருகில் நாலு ஏக்கர் மானாவாரி நிலம், அதில் குண்டு மிளகாய், வீட்டில் பதினெட்டு ஆடு. வயது எழுபத்தொன்று. படிப்பு ரெண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் அளவு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சர்வேயர் வந்து நிலம் அளந்தபோது சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தவரே அவர்தான். நடந்து முடித்துப் பார்த்தால் அவர் மிளகாய்க் கொல்லையில் நாலு அடி அகலத்துக்கு ஒரு பட்டை, சித்தப்பா மகன் தங்கப்பாண்டி பக்கம் போயிருந்தது. தன் கையாலேயே பிடித்த சங்கிலி தன்னையே ஏய்த்துவிட்டது. அன்றைக்கு விட்டதுதான், அளந்து சொல்லுகிற எவனையும் நம்புவது.

அப்படிப்பட்ட ஆளிடம் போய் மருமகன் தர்மராஜ் போனை நீட்டினான்.

விஷயம் இதுதான். மகள் ஜெயப்பிரியாவின் பிள்ளை சிநேகாவுக்கு மூணு வயசு. ஆனி மாதம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை, கண்மாய்க் கரைக் கருப்பசாமி கோயிலில் முடி இறக்கிக் காது குத்துவதென்று நாள் குறித்தாகிவிட்டது. ராகுகாலம் கழிந்து, பகல் பன்னிரண்டேகாலுக்கு மேல் ஒண்ணேகாலுக்குள் நல்ல நேரம். பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டும். கூடப் பிறந்த தாய்மாமன் ஒரே ஒருத்தன், சோணைமுத்துவின் மகன் ராம்குமார். அவன் அசாமில், பிரம்மபுத்திரா ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறான். ரயிலில் வந்தால் மூணு நாள். லீவோ வியாழக்கிழமை காலையில்தான் ஆரம்பம்.

"பிளேன்ல வந்துருவான் மாமா," என்றான் தர்மராஜ். "இந்தா பாருங்க. கவுகாத்தி டு மதுரை ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பறக்குற நேரம் மூணு மணி இருபது நிமிஷம்."

தர்மராஜுக்குச் சொந்த ஊர் உச்சிப்புளி. நேவிக்காரர்களின் விமானம் ஓட்டுக்கு மேலே உறுமுவதைக் கேட்டு வளர்ந்தவன். அவனுக்கு ஆகாசம் பக்கத்துத் தெரு மாதிரி.

சோணைமுத்து போனை வாங்கவில்லை. குனிந்து மட்டும் பார்த்தார். நீலத் திரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவே வில்லாய் வளைந்து ஒரு கோடு.

"இத எவன் அளந்தது?"

"கம்ப்யூட்டர் அளக்குது மாமா."

"கம்ப்யூட்டர் நடந்துச்சா?"

"நடக்க வேண்டியதில்ல. மேல நேரா ஒரு கோடு போட்டா..."

"ஆகாசத்துல கல்லு ஊண்டியிருக்கானா? கல்லு இல்லாத எடத்துல கிலோமீட்டர் எங்கருந்து வந்துச்சு?"

ஜெயப்பிரியா உள்ளேயிருந்து சிரித்தாள். "நீங்க அய்யாகிட்ட வாயக் குடுக்காதீங்க. அண்ணன் டிக்கெட் போட்டுருச்சு. வியாழக்கிழமை பகல்ல கிளம்பி, மெட்ராஸ் வந்து, ராத்திரியே மதுரை வந்துரும். வெள்ளிக்கிழமை காலையில காப்பிக்கு இங்கன இருக்கும்."

வியாழக்கிழமை என்றதும் சோணைமுத்து எழுந்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினார். மற்ற எழுத்தெல்லாம் அவருக்குத் தடுமாறும், இந்த இடம் தடுமாறாது. தாளின் அடியில், அன்றைக்குப் பயணம் ஆகாத திசை சின்ன எழுத்தில் போட்டிருந்தது: சூலம், தெற்கு.

"வியாழக்கிழமை தெக்க சூலம். கவுகாத்தி எங்கன இருக்கு? வடக்க. அங்கருந்து இங்க வாரது எந்தத் திக்கு? தெக்கு. நல்ல காரியத்துக்கு வர்றவன் சூலத்துக்கு நேரா நெஞ்சக் குடுத்துக்கிட்டா வருவான்?"

ஒருமுறை அவர் வியாழக்கிழமையன்று தூத்துக்குடிக்கு மிளகாய் லோடு ஏற்றிப் போனார். விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், மழையே இல்லாத சித்திரையில், மழை பிடித்தது. நாற்பது மூட்டை வத்தலும் கருத்துப் போனது. வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கதை மனப்பாடம். அதனால் யாரும் சிரிக்கவில்லை.

"பரிகாரம் தைலம்னு போட்டுருக்கு மாமா," தர்மராஜ் மெதுவாகச் சொன்னான். "தலையில கொஞ்சம் எண்ணெயத் தடவிக்கிட்டுக் கிளம்பச் சொல்லிருவோம்."

"பரிகாரம் தப்புப் பண்ணுனவனுக்கு மாப்ளே. தப்புப் பண்றதுக்கு முன்னாடியே எண்ணெய வாங்கிக் கையில வச்சுக்கிறவன எங்க ஊர்ல வேற பேரு சொல்லுவோம். ஏன், மூணு மணி இருபது நிமிஷம்னு நீங்கதான சொன்னீக? வெள்ளிக்கிழமை விடிஞ்சு கிளம்பட்டும். எட்டு மணி ஒம்போது மணிக்கெல்லாம் மதுரையில இருப்பானே."

"அது நேர்கோட்டுக் கணக்கு மாமா. அப்படி நேரா வர்ற பிளேனே கிடையாது. எங்கனயாவது இறங்கி, காத்துக் கெடந்து, மாறி ஏறணும்."

சோணைமுத்து நாட்காட்டியைச் சுவரோடு தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"இல்லாத பிளேனுக்கு எதுக்கு மாப்ளே நேரம் போட்டுருக்கான்?"

தர்மராஜ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ராம்குமாரே போனில் வந்தான். சோணைமுத்து போனைக் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்மாய்க்கு அந்தக் கரையில் இருப்பவனிடம் பேசுவது போலச் சத்தம் போட்டார். "ஏலே, வியாழக்கிழமை தெக்க அடி எடுத்து வைக்காத. கேட்டுச்சா?"

மகன், "சரிய்யா," என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் களைகட்டியிருந்தது. கருவேலமரத்து நிழல் போதாதென்று பந்தல் போட்டு, ரெண்டு ஒலிபெருக்கிக் குழாயும் கட்டியாகிவிட்டது. கிடா நின்றது. ஆசாரி தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்தார். தாய்மாமன் சீராக ஒன்பது தட்டு. பழத்தட்டில் ஆப்பிளே தனியாக ஒரு தட்டு; காலையில் முதுகுளத்தூர் போய்ச் சோணைமுத்துவே பொறுக்கி எடுத்தது. பட்டுப்பாவாடை, கொலுசு, கல் வைத்த தோடு. சிக்கல் முக்கிலிருந்து கொட்டு முழங்க இந்தத் தட்டுகள் வரும்போது முன்னால் மாலையோடு மகன் நடந்து வரவேண்டும் என்பதற்குத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தார். இப்போது தட்டுகள் எல்லாம் வேனுக்குள் துணி மூடிக் கிடந்தன.

ராம்குமார் டிக்கெட்டை மாற்றியிருந்தான்; டெல்லியில் ஆறு மணிக்கு ஏறி ஒன்பதே காலுக்கு மதுரையில் இறங்குவதாகப் பேச்சு. எட்டரைக்குத் தர்மராஜ் போனில் ஒரு படத்தைக் காட்டினான். மஞ்சள் நிறத்தில் நகத்தளவு விமானம் ஒன்று வரைபடத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ளதான் மச்சான் இருக்கான் மாமா. நாப்பது நிமிஷம் லேட்டாத்தான் எடுத்துருக்கான். இப்ப ஐதராபாத்துக்குப் பக்கத்துல நிக்குது."

"நிக்குதா?"

"போகுது மாமா. பாக்க நிக்கிற மாதிரி இருக்கும்."

"ஓடுறது நிக்கிற மாதிரி தெரிஞ்சா, அந்தப் படம் எதுக்கு?" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கொட்டுக்காரனிடம் பேசுவது போல அந்தப் பக்கம் வந்து, "இப்ப எங்கன?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவி இருளம்மாள் பொங்கல் பானைக்கு முன்னால் உட்கார்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நம்பாத மனுசனுக்கு இவ்வளவு கேள்வி எதுக்காம்," என்று பானையிடம் சொன்னாள்.

பத்து மணிக்கு விமானம் இறங்கிவிட்டது. பத்தரைக்கு ராம்குமார் கார் பிடித்துவிட்டான். அருப்புக்கோட்டை, கமுதி, முதுகுளத்தூர், சிக்கல். ரோடு நன்றாயிருந்தாலே ரெண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. தர்மராஜ் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஆசாரிக்கு டீ சொல்லப் போனான்.

பன்னிரண்டேகால் ஆனது. மணையைப் போட்டார்கள். அதன் மேல் உட்கார ஆள் இல்லை.

இந்த நேரத்துக்கென்றே காத்திருந்தவன் போலத் தங்கப்பாண்டி வந்தான். கூடவே அவன் மகன் முத்துராமலிங்கம், கரைபோட்ட புது வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. வேட்டியைப் பார்த்ததும் சோணைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பந்தியில் சாப்பிட்டுப் போக வந்தவன் கட்டுகிற வேட்டியில்லை அது.

"அண்ணே, நேரம் போகுது. கூடப் பெறந்தாத்தானா? நம்ம முத்துராமலிங்கமும் ஜெயப்பிரியாவுக்கு அண்ணன் மொறதான. பிள்ளைக்கு இவனும் மாமன்தான். உக்காரட்டும். ராம்குமார் வந்து சீரக் குடுத்துக்கட்டும்."

ஆசாரியும் சேர்ந்துகொண்டார். "எனக்கு ரெண்டு மணிக்குக் கடலாடியில ஒரு வீடு இருக்குங்கய்யா. ஒண்ணேகாலுக்கு மேல நான் கம்பியத் தொட மாட்டேன்."

"கிரேன் ஓட்டுறவனுக்குக் கீழ எறங்க நேரமாகும்ல," என்று கூட்டத்தில் எவனோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

முத்துராமலிங்கம் பாவம், நெளிந்துகொண்டுதான் நின்றான். அப்பன் முதுகில் கை வைத்துத் தள்ள, ஒரு எட்டு முன்னால் வந்தான். அவ்வளவுதான், சோணைமுத்து போய் அந்த மணையில் தானே உட்கார்ந்துவிட்டார். சம்மணம் போட்டு, ரெண்டு முழங்காலிலும் கையை ஊன்றி.

"என்னண்ணே இது? தாத்தா மடியில காது குத்துனதா எந்த ஊர்ல உண்டு?"

"குத்தச் சொல்லி நான் கேக்கல. எடம் போட்டு வச்சுருக்கேன்."

"மணையில எடம் போடுறதா? பஸ்ஸுல துண்டு போடுற மாதிரியா?"

"ஆமா. பட்டை பட்டையா எடம் போறத ஒருதரம் பாத்துக்கிட்டு நின்னுட்டேன் தங்கம். இன்னொருதரம் பாக்க மாட்டேன்."

தங்கப்பாண்டியின் முகம் சுருங்கியது. அந்த நாலு அடி நிலத்தைப் பற்றிச் சோணைமுத்து நாற்பது வருஷத்தில் கூட்டத்தில் வைத்துப் பேசியது இதுதான் முதல்தடவை.

"அப்ப பிள்ளைக்கு நேரம் தப்புனா ஒங்க பொறுப்பு," என்றான் தங்கப்பாண்டி. "வியாழக்கிழமை வர்றேன்னவன வரவேணாம்னு சொன்னது யாரு? ஊருக்கே தெரியும்ண்ணே. வந்துருந்தான்னா இந்நேரம் காது குத்திக் கறி தின்னுருப்போம்."

அது சரியாகப் போய்த் தைத்தது. விடிந்து கிளம்பச் சொன்னதே சோணைமுத்துதான். தான் நம்பாத கணக்கை எடுத்துத் தன் பேச்சுக்கு முட்டுக் கொடுத்து, இந்த மணைக்கு ஆளில்லாமல் பண்ணியதும் அவர்தான். பக்கத்தில் சிநேகா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தபடி, "மாமா எப்ப வரும்?" என்றது. அவர் அதை மணையோரம் இழுத்து அணைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

தர்மராஜ் வந்து அவர் காதருகே குனிந்தான். "மாமா, ஒண்ணு சொல்றேன், வையாதீக. இப்படி ஆகும்னுதான் நான் மச்சான்கிட்ட அன்னைக்கே சொன்னேன். நீ வியாழக்கிழமையே வந்து மதுரையில ரூம் போட்டுப் படு, வெள்ளிக்கிழமை வந்ததாச் சொல்லிக்கிருவோம், மாமாவுக்கு யாரு சொல்லப் போறான்னு."

"என்ன சொன்னான்?"

"அய்யாகிட்ட பொய் சொல்லிட்டுக் கோயில்ல போய் உக்கார மாட்டேன்னுட்டான். அதுக்குத்தான் வியாழக்கிழமை தெக்க வராம, மேக்காமப் போயி டெல்லியில எறங்குனான். சரி, ராத்திரி பன்னண்டு தாண்டிருச்சுன்னா வெள்ளிக்கிழமைதான, ஒரு மணிக்கு மெட்ராசுக்கு ஒரு பிளேன் இருக்கு, அதுல ஏறுடான்னேன். அய்யாவுக்கு விடிஞ்சாத்தான் கெழம மாறும்னுட்டான். டெல்லியில, நாற்காலியிலயே உக்காந்து கெடந்து, சூரியன் எட்டிப் பார்த்த பெறகுதான் ஏறியிருக்கான்."

சோணைமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனி, கிரேன், இந்தி, ஏரோப்ளேன் என்று எது எதற்குள்ளேயோ போய்விட்ட பிள்ளை. ஊர்ப் பேச்சில் பாதியை மறந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தார். அய்யாவுக்கு விடிஞ்சாத்தான் கெழம மாறும். நாட்காட்டிக்காரனுக்குக்கூடத் தெரியாத சங்கதி அது. டெல்லியில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒருத்தனும் இல்லை. அங்கே உட்கார்ந்து ஒருத்தன் விடியலுக்குக் காத்திருந்திருக்கிறான்.

மணையில் இருந்தபடியே அவர் முதுகு நிமிர்ந்தது.

"ஏலே தங்கம்!" என்றார். குழாய் வேண்டியிருக்கவில்லை, பந்தல் முழுக்கக் கேட்டது. "ஆமா, நான்தான் வரவேணாம்னேன். நான் ஒரு வார்த்த சொன்னேன், அவன் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருந்து அதக் காப்பாத்தியிருக்கான். ஒங்க வீட்டுல பக்கத்து ரூம்புல இருக்கவன் ஒன் பேச்சக் கேப்பானா? கேட்டுப் பாரு."

முத்துராமலிங்கமே சிரித்துவிட்டான். தங்கப்பாண்டி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கூட்டம் இன்னும் சிரித்தது.

தர்மராஜின் போன் அடித்தது. ராம்குமார்தான். சோணைமுத்து வாங்கிக் காதில் வைத்தார். இந்தத் தடவை ஒட்டியே வைத்தார்.

"எங்கனடா?"

"முதுகுளத்தூரு தாண்டி வந்துட்டேன்ய்யா. இப்பத்தான் ஒரு கல்லு போச்சு. சிக்கல் ஒம்போதுன்னு போட்டுருக்கு."

"கல்லப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தான சொல்றேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆசாரியைப் பார்த்தார். "ஒம்போது கல்லுதான். கம்பியக் கையில எடுங்க." கொட்டுக்காரரைப் பார்த்தார். "சிக்கல் முக்குக்குப் போங்க. வேனையும் கூட்டிக்கிட்டு. அவன் காருல வந்து எறங்கப்படாது, தட்டோட நடந்துதான் வரணும்."

"மாமா, நேரமிருக்காது..."

"ஓடியாரச் சொல்லு. நடக்க வேணாம்."

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது. இந்தச் சுற்று வட்டாரத்தில் சீர்வரிசை ஓடி வந்து எவரும் பார்த்ததில்லை. ஒன்பது பெண்கள் தட்டும் கையுமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரிப்பை அடக்க மாட்டாமல் ஓடிவந்தார்கள். வழியில் உருண்ட ஆப்பிளைக் கொட்டுக்காரன் மகள் பொறுக்கிக்கொண்டு வந்தாள். முன்னால் ராம்குமார். கம்பெனிச் சட்டை, ரெண்டு நாள் தாடி, கழுத்தில் ரோஜா மாலை, கண் ரெண்டும் மிளகாய்ப் பழம். பேன்ட்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றியிருந்தான்.

சோணைமுத்து மணையை விட்டு எழுந்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காரு," என்றார். அவ்வளவுதான். ஆனால் அவன் உட்காரும்போது தன் தோள் துண்டை எடுத்து அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார். மகள் கல்யாணத்தில்கூட அவர் அப்படியெல்லாம் செய்து யாரும் கண்டதில்லை. இருளம்மாள் பானையை மறந்துவிட்டுப் பார்த்தாள், பொங்கல் பொங்கி வழிந்தது. குலவை போட்டார்கள்.

முடி இறக்கியாயிற்று. மாமன் மடியில் சிநேகா போட்ட கூப்பாடு கண்மாயின் அடுத்த கரைக்குக் கேட்டது. ஆசாரி ரெண்டாவது காதை முடித்தபோது மணி ஒன்று பத்து. அஞ்சு நிமிஷம் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சோணைமுத்துவைப் பிடிக்க முடியவில்லை. இலை போடுகிறவனிடம், செருப்பைக் கழற்றுகிறவனிடம், காது கேட்காத பூசாரியிடம்கூட, "எம்மகன் சூரியன் உதிச்ச பெறகுதான் தெக்க கால் வச்சான், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பூசாரி மூணாவது தடவைதான் தலையாட்டினார்.

கடைசிப் பந்தி நடக்கும்போது தர்மராஜ் விடாமல் வந்து உட்கார்ந்தான். கையில் போன், பக்கத்தில் ராம்குமார்.

"சரி மாமா, இப்பயாச்சும் ஒத்துக்கங்க. கவுகாத்தி, டெல்லி, மதுரை, ரெண்டு பிளேன்லயும் சேத்துப் பறந்தது ஆறு மணி நேரந்தான். மூணு நாள் ரயிலு எங்க, இது எங்க?"

"எப்ப ரூம்ப விட்டுக் கிளம்புன?" என்று மகனைக் கேட்டார்.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்குய்யா."

சோணைமுத்து விரலை மடக்கினார். "இப்பம் வந்து சேந்தது ஒரு மணி. இருபத்திரண்டு மணி நேரம். இதுல மூணு மணி இருபது நிமிஷம் எங்கன இருக்கு, எடுத்துக் காட்டுங்க."

"அது சூலத்துக்காகச் சுத்துனது மாமா!"

"மேல இருந்து பாத்தேன்ய்யா," ராம்குமார் குறுக்கே வந்தான். "மதுரை வர்றப்ப கீழ கண்மாயா இருந்துச்சு, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு. அவ்வளவு கண்மாய் இருக்கும்னு இங்கன நடக்குறப்பத் தெரியல."

"நம்ம கண்மாய் தெரிஞ்சுச்சா?"

"இல்லய்யா. அது இந்தப் பக்கம்ல."

"ஒரு அடையாளமும் இல்லாம, ஊரும் தெரியாம, கல்லும் இல்லாம, ஓட்டுறவனுக்கு வந்துட்டோம்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குக் கருவி இருக்கு மாமா, எல்லாம் கணக்கு. அடுத்த மாசம் நீங்களும் அத்தையும் ஒருதரம் போயிட்டு வாங்க, நான் டிக்கெட் போடுறேன். மச்சான் கட்டுற பாலத்தப் பாக்க வேணாமா? ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ஏறி உக்காந்தா..."

"பாலத்தப் பாக்க வாரேன். ரயிலுல வாரேன்," என்றார் சோணைமுத்து. "அந்தக் கணக்க மட்டும் என்கிட்டச் சொல்லாதீக."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தர்மராஜ் இன்னும் போனை நீட்டியபடி ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, அவர் பந்தலை விட்டு இறங்கி, கறி வேகிற அடுப்புப் பக்கம் நடந்தார். போகிற போக்கில் தலையை ஆட்டிக்கொண்டே போனார், இல்லை இல்லை என்று.